எதிர்ச் சாரியின் ஊதா விளக்கு

மணிவேலுக்குச் சோறு போடுபவை ஜல்லி லாரிகள். பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து தார்ப்பாய் போடாமல் கிளம்பும் டிப்பர் ஒன்று பள்ளத்தில் குலுங்கும். அதிலிருந்து ஒரு கல் கழன்று தாரில் விழுந்து துள்ளி, பின்னால் வரும் காரின் முன் கண்ணாடியில் 'டொக்' என்று போய் உட்காரும். காரில் இருப்பவர் லாரிக்காரனின் பரம்பரையைத் திட்டிக்கொண்டே பாடாலூருக்குள் நுழையும்போது சர்வீஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையும், அதன் மேல் ஒரு போர்டும் தெரியும்: 'முன் கண்ணாடி விரிசல் அடைக்கப்படும். புதுக் கண்ணாடி தேவையில்லை.' ஒழுங்காகத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு போகும் டிரைவர்களைக் கண்டால் மணிவேலுக்கு உள்ளுக்குள் ஆகாது. வெளியில் சொல்ல மாட்டான்.

இந்தத் தொழிலுக்கு அவன் வந்த வழி நேர்வழி இல்லை. ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் நாற்காலியில் பஞ்சர் சொல்யூஷனைத் தடவி வைத்தான். வாத்தியார் எழுந்தார், வேட்டி எழவில்லை. "அந்த சொல்யூஷனை வச்சே பொழைச்சுக்கடா" என்று அவன் அப்பா பள்ளிக்கூட வாசலிலிருந்து நேரே பஞ்சர் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவனும் பிழைத்துக்கொண்டான். டியூப், டயர், பிறகு கார் கண்ணாடி துடைப்பது, பிறகு இந்த மருந்து வேலை.

மருந்து என்றால் பிசின். புட்டியில் இருக்கும்வரை தண்ணியாகவோ பாகாகவோ இருக்கும். ஊதா விளக்கைக் காட்டினால் உறைந்து கண்ணாடியோடு கண்ணாடியாகிவிடும். வெயிலிலும் அந்த வெளிச்சம் இருக்கிறது என்பது மணிவேலுக்கு முதலில் தெரியாது. முதன்முதலாக வாங்கிய மருந்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வெள்ளைக் கண்ணாடிப் புட்டியில் மாற்றி அலமாரியில் வைத்தான். மறுநாள் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே ஒரு கண்ணாடிக் கட்டை. அதிலிருந்து மருந்துப் புட்டிகளுக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கறுப்புச் சட்டை போட்டுவிடுவான். அவனிடம் இரண்டு புட்டிகள். மெல்லிசு மருந்து விரிசலுக்குள் ஓடுவதற்கு. கெட்டி மருந்து மேலே இருக்கும் குழியை அடைப்பதற்கு. இரண்டையும் எவரும் தொடக் கூடாது. பெற்ற பெண்ணும்தான்.

பெண் பெயர் தமிழ்மொழி. வீட்டில் மொழி. பிளஸ் ஒன் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தாள். லீவு விட்ட நாளிலிருந்து அவள் உட்கார்ந்திருந்தது அப்பா கடையில் இல்லை. நாற்கரச் சாலையின் எதிர்ச் சாரியில், தாய்மாமன் பூவரசன் கடையில்.

பூவரசன், மணிவேலின் மனைவி கவிதாவுக்குத் தம்பி. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. கல்யாணம் முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கிருந்து வேனில் வந்தபோது, அக்காவை விட்டுப் பிரிய மாட்டேன் என்று அழுது இரண்டு பேருக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்த பொடியன் அவன். அரியலூர் தாண்டுவதற்குள் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் வாந்தியும் எடுத்தான். "சின்னப் புள்ளைங்க, விடுங்க" என்றாள் புதுப் பெண். மணிவேல் விட்டான். ஆனால் பையன் அந்த நடு இடத்தை விடவில்லை. மொழிக்குக் காது குத்தும்போது அப்பா தூக்கினால் வீறிட்ட குழந்தை, மாமன் மடியில் உட்கார்ந்ததும் கப்பென்று வாயை மூடிக்கொண்டு கம்மலைப் பார்த்துச் சிரித்தது. மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும், அது முறை, மணிவேலுக்கும் தெரியும். சிரித்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அவன் கட்சி.

சென்னையில் கார் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிய பூவரசன், அரியலூரில் கடை போட்டிருக்கலாம். அங்கே சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கா பஞ்சம்? ஜெயங்கொண்டத்தில் போட்டிருக்கலாம். "அக்கா பக்கத்துல இருக்கணும்" என்று பாடாலூருக்கு வந்தான். மச்சான் தொழிலையே பிடித்தான். "உங்க பொழப்புல கை வைக்கல மச்சான். நீங்க திருச்சி போற வண்டியப் பாருங்க, நான் மெட்ராஸ் போற வண்டியப் பாத்துக்கறேன். நடுவுல மீடியன் இருக்குல்ல" என்றான்.

மீடியன் வண்டிகளைத்தான் பிரித்தது. மற்றதெல்லாம் அந்தப் பக்கமே சேர்ந்தது. மத்தியானத்துக்கு மேல் வெயில் மணிவேல் கொட்டகைக்குள் நேராக நுழையும். மருந்து விளக்கு காட்டும் முன்னே கொழகொழக்கும். சாக்கை நனைத்துக் கட்டி, தார்ப்பாயை இறக்கி, இருட்டில் எலி மாதிரி வேலை செய்ய வேண்டும். எதிரே பூவரசன் கடையில் அந்நேரம் குளுகுளு நிழல். சூரியன்கூட அவனுக்குத்தான் மாமன் மச்சான் போலிருக்கிறது என்று மணிவேல் நினைத்துக்கொள்வான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பூவரசன் ஒரு புது மருந்து வரவழைத்தான். தேன் கெட்டியில் ஒரே மருந்து, ஒரே புட்டி. அதைச் சூடாக்கி ஊசியில் ஏற்றினால் விரிசலுக்குள்ளும் இறங்கும். வித்தையெல்லாம் அதனுடன் வந்த விளக்கில் இருந்தது. விளக்கின் திருகைக் குறைத்து வைத்தால் மருந்து செருப்பு ரப்பர் மாதிரி வளைந்து கொடுக்கும்படி உறையும். கூட்டி வைத்தால் கல். நீள விரிசலுக்கு வளைந்து கொடுப்பது வேண்டும். கண்ணாடி வெயிலில் விரியும்போது மருந்தும் கூட இழுபட வேண்டும். சின்னக் குழிக்குக் கல் வேண்டும். பூவரசன் நீள விரிசலுக்கான இடத்தில் திருகுக்கு நேரே சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தான். நகப்பாலிஷ் மொழியுடையது.

"ஒரே மருந்துங்க, வெளிச்சத்துக்குத் தக்கன குணம் மாறுதாம். தம்பி காட்டுனான், எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு" என்றாள் கவிதா, சோறு போடும்போது.

"நம்ம ஊட்டுல ஒரு ஆளு இருக்கு. அந்த சாரிக்குப் போனா ரப்பரு, இந்த சாரிக்கு வந்தா கல்லு. அதுக்கு என்ன வெளக்காம்?"

"யாரச் சொல்றீங்க?"

"கொழம்ப ஊத்து."

மொழி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எதிர்ச் சாரியிலிருந்து சத்தம் கேட்காது. லாரி இரைச்சலில் வாய் அசைவது மட்டும் தெரியும். மணிவேல் தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்ப்பான். ஊதா வெளிச்சம் கண்ணில் படாமலிருக்க ஆரஞ்சு மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு மொழி விளக்கைப் பிடித்திருப்பாள். பூவரசன் ஏதோ சொல்வான். அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பாள். என்ன சொல்லியிருப்பான் என்று மணிவேலே வசனம் எழுதிக்கொள்வான். பெரும்பாலும் அதில் அவனே இருந்தான். 'ஒங்கப்பன் இன்னும் ரெண்டு புட்டி வச்சுக்கிட்டு மாரடிக்கிறான்.' சிரிப்பு. 'சாக்க நனைச்சுக் கட்டிக்கிட்டு.' மறுபடியும் சிரிப்பு. அவன் எழுதிய வசனங்கள் எல்லாமே நன்றாக இருந்தன. அதனால் வயிறு இன்னும் எரிந்தது.

ஒருநாள் மத்தியானம் மாமனுக்கும் மருமகளுக்கும் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி கவிதா சொன்னாள். மணிவேல் பாலத்தடி வழியாகச் சுற்றிப் போனான். பூவரசன் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்தான். மொழி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மேசை மேல் அந்த விளக்கு.

அவன் அதைத் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை அதுவாகப் போனது. திருகின் மூடி பழைய கேஸ் அடுப்புத் திருகு மாதிரித்தான் இருந்தது, இழுத்தால் கழன்றது. உள்ளே இருந்த தண்டைக் கடைசி வரை திருப்பிவிட்டு, மூடியின் கோடு மறுபடியும் சிவப்புப் பொட்டுக்கு நேராக வரும்படி மாட்டினான். பார்க்க எல்லாம் பழையபடியே இருந்தது. ரப்பர் என்று நினைத்துக் காட்டினால் கல். எவனாவது ஒரு வாடிக்கைக்காரன் ரெண்டு நாளில் திரும்பி வந்து பூவரசனைக் கிழி கிழி என்று கிழிப்பான். அதைத் தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

"வாங்க மச்சான். ஒரு வாய் சாப்பிடுங்க" என்றான் பூவரசன், ஈரக் கையை உதறிக்கொண்டே வந்து.

"நீ தின்னு மாப்ள. எனக்கு அங்க வண்டி வந்துரும்."

வண்டி உண்மையிலேயே வந்தது. திருச்சி மார்க்கெட்டுக்குச் சின்ன வெங்காயம் ஏற்றிப் போகும் வேன். டிரைவர் வெள்ளைச்சாமி மாதம் ஒரு கண்ணாடிக் காயத்தோடு வருகிறவர். மணிவேல் சாக்கை நனைத்துக் கண்ணாடியைக் குளிரவைத்து, மெல்லிசு மருந்தை ஏற்றிவிட்டு, எதிரே ஒரு பார்வை பார்த்தான்.

பூவரசன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கொரியர் வாங்கப் பெரம்பலூருக்குப் போவான். கடையில் மொழி மட்டும். சரியாக அந்த நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று அங்கே போய் நின்றது. ஒரு அம்மா இறங்கினார். மொழி கண்ணாடியில் விரலை வைத்து ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். நீளக் கோடு. அந்த அம்மா தலையாட்டினார்.

மொழி ஆரஞ்சுக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

கிழிபடப் போவது பூவரசன் இல்லை, மொழி என்று மணிவேலுக்கு அப்போதுதான் உறைத்தது. போனை எடுத்து அடித்தான். எதிரே அவள் மேசையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தாள். புறங்கையால் தள்ளிவிட்டாள். நிமிர்ந்து வேலையைப் பார்த்தாள்.

"அப்பன் பேரப் பாத்ததும் தள்ளிவிடுது பாத்தியா" என்றான் மணிவேல் உரக்க.

"யாரு?" என்றார் வெள்ளைச்சாமி.

"அண்ணே, வண்டிய எடுத்துராதீங்க. இப்ப வந்துர்றேன்."

பாலத்தடி வழியாகச் சுற்றினால் நேரமாகும். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாலையில் இறங்கினான். ஒரு பஸ், அதன் பின்னால் ஒரு பஸ், ஒரு டேங்கர். மீடியனில் ஏறி அரளிச் செடிக்குள் நின்றபோது மெட்ராஸ் சாரியில் ஜல்லி லாரிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி வந்துகொண்டே இருந்தன. இத்தனை வருஷமாகச் சோறு போட்டவை. இன்றைக்கு வழி விடவில்லை. அவற்றின் இடுக்கில் ஊதா வெளிச்சம் எரிவதும், பிறகு அணைவதும் தெரிந்தது.

அவன் மூச்சு வாங்கக் கடையில் ஏறியபோது மொழி மேலே ஒட்டியிருந்த மருந்தைப் பிளேடால் சீவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பா! வந்து பாரேன். நானே போட்டேன். மாமா இல்ல, முழுக்க நானே. கையெல்லாம் மருந்து, அதான் போன எடுக்கல. எங்க விரிசல் இருந்துச்சுன்னு சொல்லு பாப்போம்?"

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். தார்ப்பாய் இடுக்கு வழியாகப் பார்த்த அதே சிரிப்பு. இப்போது அவனைப் பார்த்து.

சொல்லியிருக்கலாம். 'டீச்சர், வண்டிய எடுக்காதீங்க, ஏசி போடாதீங்க' என்று ஒரு வார்த்தை. அந்த அம்மாள் பெரம்பலூரில் பள்ளித் தலைமை ஆசிரியை, பெயர் அமிர்தவல்லி. ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு தன் பெயரில் வாங்கிய முதல் கார். அதையெல்லாம் மொழி சொல்லிக்கொண்டே போனாள். மணிவேல் கண்ணாடியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் இந்தச் சிரிப்பு போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

"எங்க இருந்துச்சுன்னே தெரியலையே" என்றான்.

"பாத்தீங்களா டீச்சர்? எங்கப்பாவுக்கே தெரியல!"

அமிர்தவல்லி திருப்தியாக ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். வெளியே கொதிக்கும் கண்ணாடி. உள்ளே ஏசியின் ஜில் காற்று நேராகப் போய் அதில் அடித்தது.

'டிக்.'

மொழி கை வைத்த இடத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு கிளம்பி, அவசரமே இல்லாமல், இரண்டு பக்கமும் கண்ணாடியின் ஓரம் வரை நடந்து போனது.

அமிர்தவல்லி இறங்கினார். கோட்டை முழம் போட்டு அளந்தார். அப்புறம் ஆரம்பித்தார். "நீ என்ன படிக்கிற? யாரு ஒன்ன இந்த வேலைக்கு விட்டது? சாண் நீளத்துல இருந்தத மூணு முழத்துக்கு ஆக்கித் தந்திருக்கியே! வெளையாட்டுச் சாமானா இது?"

மொழி பிளேடைக் கீழே வைத்தாள். ஆரஞ்சுக் கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் நிறைந்துவிட்டன. "நான் சரியாத்தான்... பொட்டுக்கு நேராத்தான் வச்சேன்..." என்றாள் யாருக்கும் கேட்காத குரலில்.

அந்நேரம் பூவரசன் பைக்கில் வந்து இறங்கினான். பாதி வழியில் கொரியர்க்காரனே எதிரில் வந்துவிட்டானாம், கையில் பெட்டி. ஒரே பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மொழிக்கும் டீச்சருக்கும் நடுவில் வந்து நின்றான். நடுவில் நிற்க அவனுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"டீச்சர், புள்ளையத் திட்டாதீங்க. அது மேல தப்பு இல்ல. வெளக்க செட் பண்ணி வச்சது நான். பொட்ட தப்பா வச்சுட்டேன் போல. புதுக் கண்ணாடி நான் போட்டுத் தரேன். என்னையத் திட்டுங்க."

மொழி மாமனை நிமிர்ந்து பார்த்தாள். நன்றி, பிரியம் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

மணிவேலுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. தாங்க முடியவில்லை. மடி அவனுக்கு, நிழல் அவனுக்கு, சிரிப்பு அவனுக்கு, எல்லாம் போகட்டும். இந்தத் திருட்டு வேலையைச் செய்தது யார்? மீடியன் தாண்டி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது யார்? கடைசியில் பழியையும் இவனே எடுத்துக்கொண்டு போனால், பெற்றவனுக்கு என்று என்னதான் மிச்சம்?

"யோவ்! நீ ஏன்யா ஒத்துக்கற?" என்று கத்தினான். "நீ ஒண்ணும் பண்ணல! பண்ணது நான்!"

மூன்று பேரும் திரும்பினார்கள். மணிவேல் விளக்கைப் பிடுங்கி, திருகு மூடியைக் கழற்றி, தண்டு எங்கே திரும்பி நிற்கிறது என்று காட்டினான். செய்த திருட்டை இவ்வளவு ஆவேசமாக எவனும் நிரூபித்திருக்க மாட்டான். "இந்தா, பாத்துக்க. கேரியர் கொண்டாந்தப்ப நான்தான் திருப்பி மாட்டுனேன். பொட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தப் புள்ள வேலையும் சரியாத்தான் இருந்துச்சு."

பூவரசன் தண்டையும் மணிவேலையும் மாறி மாறிப் பார்த்தான். "மச்சான்..." என்றான்.

மொழி ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றினாள். "எதுக்குப்பா?"

"எதுக்குன்னா..." சாலையைப் பார்த்தான். ஒரு லாரியும் வரவில்லை. வந்திருந்தால் இரைச்சலில் தப்பித்திருக்கலாம். "நீ இங்க சிரிக்கிற. அங்க வந்து ஒரு நாளு சிரிச்சிருக்கியா?"

"அங்க என்னத்தப்பா சிரிக்கிறது? 'தொடாத, தள்ளி நில்லு, வெளிச்சம் படுது.' இத வுட்டா வேற எதாச்சும் பேசியிருக்கியா நீ? மாமா மொத நாளே வெளக்கக் கையில குடுத்துச்சு."

"ஒடச்சிட்டா?"

"ஒடச்சேன். ஒரு பழைய கண்ணாடிய ஒடச்சேன். அதுக்குத்தான் மாமா விழுந்து விழுந்து சிரிச்சுச்சு."

மணிவேல் எழுதிய எந்த வசனத்திலும் இது இல்லை.

"குடும்பக் கதைய அப்புறம் பேசுங்க" என்றார் அமிர்தவல்லி. "என் கண்ணாடிக்கு வழி என்ன? பெரம்பலூர் வரைக்கும் இத வச்சுக்கிட்டு எப்படி ஓட்றது? வுழுந்துராது?"

"வுழாதுங்க டீச்சர், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் தாளு ஒட்டியிருக்கு. நான் கூட வரேன். அங்க நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு, இருந்து மாத்திக் குடுத்துட்டு வரேன்" என்றான் மணிவேல்.

"வா. முன்னாடி என் பக்கத்துல ஒக்காரு. வுழுந்தா ஒன் மேலயே வுழட்டும்."

மணிவேல் ஏறினான். பூவரசன் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலில் குனிந்தான். கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். "மச்சான், அக்காகிட்ட நானே சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்."

கார் நகர்ந்தது. விரிசல் விட்ட கண்ணாடி வழியாகப் பார்த்தால் சாலை மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டாகத் தெரிந்தது. ஏசியை அணைத்துவிட்டதால் உள்ளே அடுப்பாக இருந்தது. அமிர்தவல்லி பேசவில்லை. வாத்தியார் பேசாமல் இருப்பது திட்டுவதைவிட மோசம் என்று ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவனுக்கே தெரியும்.

சிறுவாச்சூர் நெருங்கும்போது போன் அடித்தது. மொழி.

"அப்பா, நான் நம்ம கடையில நிக்கறேன். வெங்காய வண்டி அண்ணன் கத்திக்கிட்டு நிக்கிறாரு. மெல்லிசு மருந்து ஏத்தி அப்புடியே வுட்டுட்டுப் போயிருக்க. வெளக்குக் காட்டிட்டேன். குழிக்குக் கெட்டி மருந்து எதுல இருக்கு? ரெண்டு புட்டியும் ஒண்ணாட்டம் டியூபு சுத்தி வச்சிருக்க."

"முடிச்சு போட்டிருக்கறது கெட்டி. ஒரு சொட்டு போதும். மேல பிளாஸ்டிக் தாள ஒட்டிட்டு அப்புறம் வெளக்க..."

"தெரியும்ப்பா."

"தார்ப்பாய நல்லா எறக்கிக்க. அந்தப் பக்கத்து வெயிலு பொல்லாதது."

"சரி. மாமாவ ஒரு கை புடிக்கக் கூப்புட்டுக்கவா? தார்ப்பா கனமா இருக்கு."

"அவன் எதுக்கு?" என்றான் மணிவேல். யோசிக்காமல் வந்துவிட்டது. "வெள்ளைச்சாமி அண்ணன் சும்மாதான நிக்கிறாரு. அவரப் புடிக்கச் சொல்லு."

அந்தப் பக்கம் மொழி சிரித்தாள். "நீ திருந்தவே மாட்டப்பா" என்றாள். போனை வைக்க மறந்து, சிரித்துக்கொண்டே வெள்ளைச்சாமியைக் கூப்பிடுவதும், தார்ப்பாய் சரசரவென்று இறங்குவதும் கேட்டது. மணிவேல் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"யோவ்" என்றார் அமிர்தவல்லி, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "என் கண்ணாடி ஒடஞ்சு கெடக்கு. ஒனக்கு என்ன அப்புடி ஒரு இளிப்பு?"